கங்கை கொண்டவன் கதையில் எழுதாத பக்கம்

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் அருகே உள்ள கங்கைகொண்ட சோழபுரம் இன்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் சோழர்களின் தலைநகர்! கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் கட்டிய நகரம். தோற்ற மன்னர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமந்து வரச் செய்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமை பேசுகிறது.

கோவிலுக்குள் ஒரே கல்லில் நவக்கிரகம் இருக்கிறது. ஏழு குதிரை இழுக்கும் தேர். அதன்மேல் தாமரையாகச் சூரியன். பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் இது சோழச் சிற்பியின் கைவேலை அல்ல. சாளுக்கிய நாட்டிலிருந்து போரில் கொண்டு வரப்பட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

பறிகொடுத்தவர்கள் என்ன சொன்னார்கள்?

கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. ஒன்பது லட்சம் பேர் கொண்ட சோழப்படை வந்தது, நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது என்று அது குமுறுகிறது. ஒன்பது லட்சம் என்பது மிகைதான். பகைவன் எழுதியது அல்லவா!

சோழர் எழுதியதையே பார்ப்போம். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் ஒரு துவாரபாலகர் சிலையைக் கொண்டு வந்தான். சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டு வந்தது என்று அதன் பீடத்திலேயே தமிழில் பொறித்து வைத்தான்.