பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

ஹால் மூலையில் பழைய பெட்ஷீட் போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். மாதத்துக்கு ஒருமுறை யாராவது அதை ஆன் செய்வார்கள். அது விழித்து எழுவதற்குள் ஒரு டம்ளர் காபியைக் குடித்து முடித்துவிடலாம். "இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமே" என்பார் அம்மா. "நம்ம பொண்ணோட காதுகுத்து போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு" என்று இழுப்பார் அப்பா. பேச்சு அத்தோடு நின்றுவிடும், பெட்ஷீட் மறுபடி போர்த்தப்படும்.

இப்படி நிற்கும் கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 7. 2009 அக்டோபர் 22-ல் வெளியான ஆபரேட்டிங் சிஸ்டம் இது. தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய 2011, இதன் பொற்காலம். 2020 ஜனவரி 14-ஓடு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தப் பெட்டி ஓடுகிறது. ஓடும்போதே செய்துகொள்ள வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதல் வேலை போட்டோ

சுத்தம் செய்வது, வேகம் கூட்டுவது எல்லாம் அப்புறம். பத்துப் பன்னிரண்டு வருடம் சுழன்ற ஹார்டு டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம். அதிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு போட்டோவைத் திறக்கவே திணறினாலோ, டிஃப்ராக் செய்கிறேன், ஸ்கேன் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் காப்பி செய்யுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களோடு நின்றுவிட வேண்டாம். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ஃபோல்டர் இருக்கலாம். டி டிரைவையும் ஒருமுறை பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு இடத்தில் இன்னொரு பிரதி. ஒரே ஒரு பென் டிரைவை நம்புவது, வீட்டுச் சாவியை ஓட்டைப் பையில் வைத்துக்கொள்வது போல.

கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லையா? மனம் தளர வேண்டாம். மதர்போர்டு போயிருந்தாலும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம். அதைக் கழற்றி, கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் யூஎஸ்பி கேஸுக்குள் போட்டால், வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் திறந்துவிடும்.

அப்பா அடித்த 'பாமினி' கடிதம்

போட்டோவைப் பத்திரப்படுத்துகிறவர்கள்கூடக் கோட்டை விடும் இடம் இது. தாத்தா சொல்லச் சொல்ல அடித்த குடும்ப வரலாறு, அம்மாவின் சமையல் குறிப்பு, சங்கத்தின் பழைய தீர்மானங்கள் என்று அந்தக் காலத்தில் தமிழில் அடித்தவை பலவும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். காப்பி செய்து போனில் திறந்தால், தமிழே தெரியாது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ஃபைல் கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால், கம்ப்யூட்டருக்குள் உண்மையில் பதிவாகியிருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். பாமினி எழுத்துரு இருக்கும் இடத்தில் அது அம்மா. இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கல். இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் யூனிகோடு வந்தது. தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பு அடித்தவை எல்லாம் அவரவர் பாஷை.

அதனால் பழைய கம்ப்யூட்டரை விடும் முன், கன்ட்ரோல் பேனலில் 'ஃபான்ட்ஸ்' பகுதிக்குப் போய் தமிழ் எழுத்துருக்களை எல்லாம் பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். அடுத்து, ஒவ்வொரு ஃபைலையும் பிடிஎஃப் ஆக்குங்கள். விண்டோஸ் 10-ல் இருப்பது போல 'பிரின்ட் டு பிடிஎஃப்' வசதி விண்டோஸ் 7-ல் கிடையாது. வேர்டு 2010 இருந்தால் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது பிடிஎஃப் என்று தேர்ந்தெடுக்கலாம். இலவச லிப்ரே ஆஃபீஸிலும் இது முடியும். பிடிஎஃப் ஆனதும் போனில் ஒருமுறை திறந்து, எழுத்து சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படிக்க மட்டும் என்றால் இது போதும். திருத்தவோ, வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பவோ வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். நெட்டில் ஒட்டி மாற்றித் தரும் தளங்களும் உண்டு. சொத்துப் பத்திரம், சொந்தக் கடிதம் போன்றவற்றை மட்டும் அங்கே கொண்டுபோய் ஒட்ட வேண்டாம். மாற்றியபின் ஒரு தடவை படித்தே ஆக வேண்டும். நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றி, புரியாத ஒன்றாக ஆக்கி வைத்திருக்கும்.

நெட் வேண்டுமா?

வங்கிக் கணக்கு, யூபிஐ, ஆதார் சம்பந்தப்பட்ட எதையும் இந்தக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள். இதில் சமரசம் வேண்டாம். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை வைரஸில் மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போதோ போட்டுக்கொள்ள அப்டேட்டே வருவதில்லை.

செய்தி படிக்க, சமையல் குறிப்பு தேட என்றால், விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம் 109, கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 115. இரண்டுமே பழசாகிக்கொண்டே போவதால் சில தளங்கள் முரண்டு பிடிக்கும். எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால், முதலில் கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் சிஆர் 2032. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றி, தேதியைச் சரிசெய்தால் பாதி தளங்கள் தானாகத் திறக்கும். இதற்காகக் கம்ப்யூட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

சும்மா வைத்திருந்தால் என்ன பயன்?

நெட்டைத் துண்டித்துவிட்டால் விண்டோஸ் 7 இன்னும் நல்ல வேலைக்காரன்தான். டைப்பிங் பழக, கணக்கு எழுத, பாட்டு கேட்க, பிள்ளைகள் பெயின்ட்டில் வரைய இது போதும். பிள்ளைகளுக்கு 'ஸ்டாண்டர்டு' அக்கவுன்ட் ஒன்று தனியாகப் போட்டுக் கொடுங்கள். கண்டதை இன்ஸ்டால் செய்ய முடியாது.

அதிலுள்ள கால்குலேட்டரைப் பலர் கூட்டல் கழித்தலுக்கு மேல் பார்த்ததே இல்லை. 'வியூ' மெனுவில் 'டேட் கால்குலேஷன்' எடுத்தால் இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை வருடம், மாதம், நாள் என்று சொல்லும். அதே மெனுவில் 'ஒர்க்ஷீட்ஸ்' போய் 'மார்ட்கேஜ்' எடுத்தால் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தரும். லோன் ஏஜென்ட் சொல்லும் தொகையைச் சரிபார்க்க உதவும். விண்டோஸ் கீயுடன் இடது, வலது அம்புக்குறியை அழுத்தினால் இரண்டு ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பழைய நோட்டைப் பார்த்துப் புதிதில் அடிப்பவர்களுக்கு வசதி.

பென் டிரைவைச் செருகியதும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் அவற்றைத் தொடாதீர்கள், அது வைரஸ். ஆனால் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும். 'ஆர்கனைஸ்' மெனுவில் 'ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ்', அதில் 'வியூ' போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ஹைட் புரொடெக்டட்' என்று தொடங்கும் வரியில் உள்ள டிக்கை எடுத்தால் அவை தெரியும். வேண்டியதைக் காப்பி செய்தபின் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் செலவழிக்கத் தகுந்தது எஸ்எஸ்டி ஒன்றுதான். ரேம் வாங்கும் முன் 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 32 பிட் என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

எல்லாம் எடுத்தாயிற்று, இனி கொடுத்துவிடலாம் என்று முடிவானால், பெட்டியைக் கொடுங்கள், ஹார்டு டிஸ்க்கை அப்படியே கொடுக்காதீர்கள். டெலிட் செய்தவற்றையும் 'குவிக் ஃபார்மட்' செய்தவற்றையும் மீட்டெடுக்க முடியும். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஃபார்மட் கொடுக்கும்போது 'குவிக் ஃபார்மட்' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவ் இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.