விண்ணின் கண்ணும் மண்ணின் சான்றும்

வடக்கனந்தலில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீலச் சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையில் பிறக்கும் ஓடைகள் கோமுகி ஆறாகத் திரண்டு, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கிப் பின் சமவெளியின் வயல்களுக்குப் பாய்கின்றன. மலையில் மரம் குறைந்தால் மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு விரைந்தோடிவிடும். மழை நின்ற சில நாள்களில் ஓடையும் வற்றிவிடும். எனவே, காட்டின் நலம் மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு மட்டுமன்றி (கேரளத்தாரோடு தொடர்பற்ற பெயர் இது, மலையில் வாழ்வோர் என்பது பொருள்), கீழே மடையருகே காத்திருக்கும் உழவருக்கும் உரிய கவலையாகும்.

அக்காடு வளர்கிறதா, தேய்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? முற்காலத்தில் சங்கிலியும் வரைபடமும் ஏந்தி நடந்தே அளந்தனர். ஒரு மலைத்தொடரை அளந்து முடிப்பதற்குள் பல பருவங்கள் கடந்துவிடும். 1972ஆம் ஆண்டு அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் இந்நிலையை மாற்றியது. டேராடூனில் 1981இல் தொடங்கப்பட்ட இந்திய வன ஆய்வு நிறுவனம், லேண்ட்சாட் படங்களைக் கொண்டு 1987இல் முதல் வனநிலை அறிக்கையை வெளியிட்டது. மறு ஆண்டே ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் நமது தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணை அடைந்தது. பின்னர் ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்கள் இப்பணிக்குப் பயன்படலாயின.

செயற்கைக்கோள் மரத்தை மரமாகக் காண்பதில்லை, ஒளியாகவே காண்கிறது. பசுமையான இலை, ஞாயிற்றொளியின் சிவப்பைப் பெரிதும் உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. வெறும் மண்ணிலோ பாறையிலோ இவ்விரண்டிற்கும் இத்துணை வேறுபாடு இராது. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டே தாவரச் செறிவு மதிப்பிடப்படுகிறது. கல்வராயன் மலையின் இலையுதிர் காடுகள் கோடையில் மொட்டையாய் நிற்கும். அப்போது எடுத்த படத்தை மழைக்குப்பின் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், வெட்டப்படாத காடும் அழிந்ததாகத் தோன்றும். ஆகவே, ஒரே பருவத்துப் படங்களையே ஆண்டுதோறும் ஒப்பிடுதல் வேண்டும்.

இங்கே மொழியாசிரியர் ஒருவர் தயங்கி நிற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. நம் பகுதியில் 'கரும்புக்காடு', 'சோளக்காடு' என்று விளைநிலத்தையும் காடென்றே வழங்குகிறோம். வனநிலை அறிக்கையின் 'வனப்போர்வை' என்னும் சொல்லும் ஏறக்குறைய அத்தகையதே. ஒரு எக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர மூடாக்கு பத்து விழுக்காடு இருந்தால், நிலம் யாருடையதாயினும் மரம் எதுவாயினும், அது கணக்கில் சேரும். இயற்கையாய் வளர்ந்த காடும், வரிசையாக நட்ட தைலமரத் தோப்பும், மாந்தோப்பும் அதில் ஒன்றாகவே அடங்கும். 2023ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் வனப்போர்வை 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு என்கிறது. இவ்வெண்ணைப் படிக்கும் மாணவர், இதில் எவ்வளவு காடு, எவ்வளவு தோப்பு என வினவிப் பழக வேண்டும். ஒரு பழங்காடு அழிந்து, வேறிடத்தில் தோப்பு ஒன்று வளர்ந்தால், மொத்தக் கூட்டுத்தொகை அசையாமலே இருக்கக்கூடும்.

நுண்மைக்கும் ஓர் எல்லையுண்டு. இவ்வறிக்கைகளுக்குப் பல்லாண்டுகள் பயன்பட்ட லிஸ்-3 உணர்கருவியின் படத்தில் ஒரு புள்ளி, தரையில் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரமாகும். நம் கணக்கில் ஏறத்தாழ பதின்மூன்றரை சென்ட் நிலம். மரவள்ளி பயிரிடச் சரிவொன்று முழுவதும் திருத்தப்பட்டால் அது படத்தில் தெரியும். இரவில் ஒற்றைச் சந்தனமரத்தை வெட்டிச் சென்றால் தெரியாது. அங்கே காவல்புரிவது வனக்காப்பாளரின் கால்களே.

காட்டுத்தீயைப் பொறுத்தவரை விண்கண் மிகவும் விரைவானது. தீயின் வெப்பத்தை உணரும் மோடிஸ் கருவியின் துணைகொண்டு 2004 முதலும், 375 மீட்டர் நுண்மை கொண்ட வீர்ஸ் கருவியின் துணைகொண்டு 2017 முதலும் எச்சரிக்கைகள் பெறப்படுகின்றன. அவை குறுஞ்செய்தியாகக் களப்பணியாளரின் கைப்பேசியை அடைகின்றன. எனினும், 375 மீட்டர்ச் சதுரம் என்பது முப்பத்தைந்து ஏக்கருக்கு நிகர். அதனுள் எரியும் சருகைத் தேடிச் சென்று பச்சைத் தழையால் அடித்தணைப்பவர் மனிதரே. மேகம் மூடினால் சாதாரணப் படங்கள் பயன்படா. மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகள் அக்குறையைப் போக்குகின்றன. 2025 சூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் அவ்வகையைச் சேர்ந்தது.

இனி, மலையில் உழுவோர் பக்கம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் குடியிருந்து பயிரிட்டுவரும் பழங்குடியினருக்கு அந்நிலத்தில் உரிமை வழங்குகிறது. அந்நாளில் அங்கே பயிர் இருந்ததா என்பதைப் பழைய செயற்கைக்கோள் படத்தை வைத்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். ஆனால், சாமை விதைத்து அறுத்தபின் தரிசாக விட்ட நிலத்தில் சில ஆண்டுகளில் புதர் மூடிவிடும். விண்ணிலிருந்து பார்ப்போர்க்கு அது உழவரின் நிலமாகத் தோன்றாது. படத்தை மட்டும் நம்பினால், தலைமுறைகளாக உழுத குடும்பம் ஆக்கிரமிப்பாளர் எனப் பெயர் பெறும். இதனாலேயே, செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது என 2012இல் திருத்தப்பட்ட விதிகள் வரையறுத்தன. அவ்விதிகள் ஏற்கும் சான்றுகளுள், ஊர் மூத்தோர் சொல்லி எழுத்தில் பதியப்பெற்ற வாக்குமூலமும் ஒன்று.