வான்கதவைத் திறக்கும் அறிவு

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் வடபால் பிறந்து, முல்லைத்தீவைக் கடந்து, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் தேங்குகிறது. அங்கே மிஞ்சிய நீர் சுண்டிக்குளக் கடனீரேரியில் கலக்கிறது. வன்னிப் பெருநிலத்தின் மூன்று மாவட்டங்களை ஒரே நீரால் இணைக்கும் ஆறு இது. ஆயினும் அந்நீரைப் பற்றிய அறிவு பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. மழையை அளப்பது வளிமண்டலவியல் திணைக்களம். குளத்தைக் காப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். வெள்ளத்தில் அகப்பட்டோரைக் கவனிப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். பயிரழிவுக்கு ஒரு துறை, காய்ச்சலுக்கு வேறொரு துறை. வெள்ளமோ இந்த எல்லைகளை அறியாது.

2018 டிசெம்பர் 21 ஆம் நாள் இரவு பெய்த பெருமழையை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். புனரமைக்கப்பட்ட இரணைமடுக் குளம் அம்மாதத் தொடக்கத்திலேதான் திறந்துவைக்கப்பட்டிருந்தது. நீர்மட்டம் விரைந்து உயர, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளை, பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பகுதிகள் நீரில் மூழ்கின. கதவுகளை முன்னரே திறந்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுந்தது, விசாரணையும் நடைபெற்றது. யார் பிழை என்பது நிருவாகத்தின் வினா. அறிவியலுக்குரிய வினா வேறு: அந்தக் கதவை எப்போது திறப்பது என்று முடிவெடுக்க எந்தெந்த அறிவுகள் ஒன்றுசேர வேண்டும்?

டிசெம்பரில் குளத்தில் நிற்கும் நீர், அடுத்து வரும் சிறுபோகத்தின் நெல். மழை வரும் என்று நம்பி நீரை முன்கூட்டியே கடலுக்கு விட்டு, மழை பொய்த்துவிட்டால், கமக்காரர் ஒரு போகத்தை இழப்பர். காத்திருந்து, மழை கொட்டிவிட்டால், குளத்தின் கீழுள்ள ஊர்கள் மூழ்கும். ஆகவே மழை வருமா என்ற ஒற்றைச் சொல் விடை இங்கே போதாது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று வானிலை அறிஞர் சொல்ல வேண்டும். வவுனியாக் காட்டில் விழுந்த மழை எத்தனை மணிநேரத்தில் குளத்தை வந்தடையும் என்று நீரியலாளர் கணிக்க வேண்டும். குளக்கட்டும் கதவுகளும் தாங்கும் அளவைப் பொறியியலாளர் அறிவார். அவ்வேளையில் காலபோக நெல் எந்தப் பருவத்தில் நிற்கிறது, எத்தனை நாள் மூழ்கினால் பிழைக்கும் என்பதை வேளாண் அறிஞரைக் கேட்க வேண்டும். நள்ளிரவில் ஒலிபெருக்கி அழைத்தால் முதியோரும் போரில் கால் இழந்தோரும் எவ்வழியே வெளியேறுவர் என்ற கணக்கு, அவ்வூர் மக்களோடு அமர்ந்து பேசிய சமூகவியலாளரிடமே கிடைக்கும்.

நீர் வடிவதும் எளிதன்று. வன்னியின் கரையோர நிலம் பெரிதும் சமதளமானது. கடனீரேரியின் வாயை மணற்றிட்டு அடைத்து நின்றால் வெள்ளம் நாட்கணக்கில் வயலிலேயே தங்கிவிடும். முல்லைத்தீவின் நந்திக்கடல் கடனீரேரியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயல் உடையவருக்கும் இறால் பிடிப்பவருக்கும் நலன் ஒன்றல்ல. கண்ணிவெடி முற்றாக அகற்றப்படாத நிலத்தில் இன்னோர் அச்சமும் உண்டு: பாயும் நீர் மண்ணை அரித்து வெடிகளை இடம்பெயர்க்கக் கூடும்.

2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலின்போது நேர்ந்தது 2018 வெள்ளத்தினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரால் மடிந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பட்டிகளும் தப்பவில்லை. கூரையற்ற பட்டியில் இரவு முழுவதும் நனைந்து நிற்கும் மாட்டின் உடல்மயிர், வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது. அதன்மேல் குளிர்காற்று வீசினால், மெலிந்த மாடும் கன்றும் உடல்வெப்பத்தை மீட்க முடியாமல் சாய்கின்றன. புயல் அறிவிப்பில் காற்றின் வேகமும் மழையின் அளவும் இருக்கும். நனைந்த மாட்டுக்கு என்ன நேரும் என்ற செய்தி இருப்பதில்லை. வளிமண்டலவியலும் கால்நடை மருத்துவமும் ஒருங்கே பேசியிருந்தால், "பட்டியை மறைத்துக் கட்டுங்கள்" என்ற ஒரு வரி பல குடும்பங்களின் வாழ்வாதாரத்தைக் காத்திருக்கக் கூடும்.

துறைகள் கலந்த ஆய்வுக்கு வன்னியிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட வடபுல மக்களிடையே செய்த ஆய்வுகளில், தனியாளின் உளநோயோடு நின்றுவிடவில்லை. குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே சிதைவதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 2010 இல் வெளிவந்தது. மருத்துவமும் மானிடவியலும் சந்தித்த இடத்தில் பிறந்த அறிவு அது. பலமுறை இடம்பெயர்ந்த ஒருவர், வெளியேறுமாறு கூறும் எச்சரிக்கையை எந்த மனத்தோடு கேட்பார் என்பதை அதன் துணையின்றி விளங்கிக்கொள்ள முடியாது.

இன்று வேண்டிய துறைகள் யாவும் அருகருகே இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகத்து முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. புவியியலும் மருத்துவமும் யாழ்ப்பாணத்தில் உள்ளன. யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகம் 1951 இலேயே பேரிடர்த் தடுப்புக்கெனத் தனி ஆய்வு நிறுவனம் அமைத்து, நிலநடுக்கம், வெள்ளம், சமூகம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் ஆராய்ந்து வருகிறது. நம் நாட்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005 இல் வந்தது. ஆயினும் 2025 நவம்பரில் டித்வா புயல் இத்தீவில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. சட்டமும் அலுவலகமும் இருந்தால் போதும் என்ற எண்ணத்தை இனியும் நாம் வைத்திருத்தல் தகாது.

கனகராயன் ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே ஆய்வுக்களமாகக் கொண்டு, யாழ்ப்பாணம், வவுனியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் கூட்டாகப் பணி தொடங்க வேண்டும். கமக்காரர் அமைப்புகளையும் கடற்றொழிலாளர் சங்கங்களையும் தகவல் தருவோராக மட்டும் கருதாது, ஆய்வின் பங்காளராகச் சேர்க்க வேண்டும். முடிவுகள் ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவரட்டும். ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன், அவை தமிழில், ஊர்வாரியாக, மக்கள் கையில் இருத்தல் வேண்டும். இதனை இரு பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் வேண்டிக் கேட்கிறேன்.