நள்ளிரவில் கூரைக்கு மேலே யார்?

அக்டோபர் மாத இரவு. தாமான் முழுவதும் உறங்கிவிட்டது. வீட்டின் பின்புறம் காயப்போட்ட துணியை எடுக்க வந்தவரின் தலைக்கு மேலே, இருட்டில், ஏழெட்டுச் சீழ்க்கைகள் விரைவாக ஒலித்து ஓய்கின்றன. அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமில்லை. “ராத்திரிச் சத்தத்தைத் தேடாதே, உள்ளே வா!” என்று பாட்டி அதட்டுவார். போந்தியானாக் கதை கேட்டு வளர்ந்தவராயிற்றே!

பயப்பட ஏதுமில்லை. அது சிறு கோட்டானின் குரலாக இருக்கலாம். கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்க வேண்டாம். இது வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவை. சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி, கிள்ளான் கடலோரச் சேற்று நிலத்திற்கும் சிங்கப்பூர் சுங்கை பூலோவிற்கும் வருகிறது.

ஏன் இரவில் பறக்க வேண்டும்? பகலில் இரை தேட வேண்டுமே! இரவுக் காற்று குளிர்ச்சியானது, அமைதியானது. சிறகடிக்கும் உடல் சூடேறாது. வல்லூறு தொல்லையும் குறைவு. வழிகாட்ட விண்மீன்களும் பூமியின் காந்தப்புலமும் உள்ளன. ஆனால் இருட்டில் துணைப் பறவை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ‘இங்கிருக்கிறேன்’ என்பதுபோல் பல இனங்கள் குரல் கொடுத்துக்கொண்டே போகின்றன.

உள்ளூர்க் குயிலும் இரவில் கூவுவதுண்டு. ஆனால் அது ஒரே மரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கூவும். வலசைப் பறவையின் குரலோ வடக்கே தொடங்கித் தெற்கே தேய்ந்து மறையும். மார்ச், ஏப்ரலில் திசை மாறும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, உள்ளங்கைகளைக் காதுகளின் பின்னே குவித்துக் கேட்டால் போதும். மேகம் தாழ்ந்த இரவுகளில் இன்னும் நன்றாகக் கேட்கும். அமெரிக்காவின் மேடிசன் நகருக்கருகே ஒரு குன்றில் 1896 செப்டம்பரில் அமர்ந்த ஒரின் லிபி, ஒரே இரவில் மூவாயிரத்துக்கும் அதிகமான குரல்களை எண்ணினார்! அவர் ஒரு வரலாற்றாசிரியர் என்பது வேடிக்கை.

துணையைக் காக்கும் இக்குரலே சில வேளை எமனாகிறது. சிகாகோ, கிளீவ்லாந்து நகரங்களில் கட்டடங்களில் மோதி மடிந்த பறவைகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரவில் குரல் கொடுக்கும் இனங்களே அதிகம் மோதியிருந்தன. விளக்கொளியில் திசை தடுமாறும் பறவை கத்துகிறது. அக்குரல் மற்றவற்றையும் அந்த ஒளிக்கே இழுக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2023 அக்டோபரில் சிகாகோவின் ஒரே மாநாட்டு மண்டபத்தில் ஓரிரவில் ஏறக்குறைய 1,000 பறவைகள் மடிந்தன. மறு ஆண்டு கண்ணாடிகளில் புள்ளிகள் ஒட்டியபின் அந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கே அடுக்குமாடிகளில் மோதி விழுபவற்றுள் ஒன்று நீலச்சிறகு பிட்டா. மலாய்க்காரர் ‘பூரோங் பாச்சாட்’ என்பர். தமிழகத்தின் ஆறுமணிக்குருவிக்கு நெருங்கிய உறவு. பச்சை முதுகும் நீலச் சிறகுமாக, காலையில் கூட்டிப் பெருக்குபவர் கையில்தான் பல வேளை அது முதன்முதலாக அகப்படுகிறது.