பறக்கும் தட்டும் பம்பரமும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் விடுமுறை நாள்களில் ஒரு விளையாட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். இளைஞர்களும் இளம்பெண்களும் ஒரே அணியில் சேர்ந்து, மணலில் ஓடி ஓடி ஒரு பிளாஸ்டிக் தட்டை வீசிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தவறு நேர்ந்தால் அவர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள், நடுவர் கிடையாது. 'அல்டிமேட்' எனப்படும் இந்த ஆட்டத்தை 1968இல் உருவாக்கியவர்கள் உங்களைப் போன்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்கள்தாம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துப் பள்ளி ஒன்றில் அது பிறந்தது.

இதே வகைத் தட்டைக் கொண்டு ஆடும் இன்னோர் ஆட்டம் 'தட்டு கோல்ஃப்'. இதில் குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய கூடை. பந்துக்குப் பதில் தட்டு. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. மிகக் குறைந்த வீச்சுகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவருக்கு வெற்றி. இதற்கென முதல் நிரந்தர ஆடுகளம் 1975இல் கலிபோர்னியாவில், விண்கலங்களை உருவாக்கும் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தின் அருகிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக்.

ஒரு கோடை விடுமுறையில் என் தங்கை மகளும் அவள் தோழர்களும் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, நாமும் ஆடினால் என்ன என்றார்கள். பாண்டி பஜாரில் தட்டு வாங்கினோம். மூங்கில் கூடைகளைக் கழிகளில் கட்டினோம். ஒவ்வொரு கூடைக்கும் மேலே பழைய சைக்கிள் செயின்களைத் தொங்கவிட்டோம். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஐந்து கூடைகளை நட்டோம். ஒன்று ஈரமணலில், ஒன்று மேட்டில் என்று வைத்து, கடைசிக் கூடையை மட்டும் கரையேற்றியிருந்த ஒரு மீன்படகின் வலப்பக்கம், படகு மறைக்கும்படி வைத்தோம்.

இடக்கை செய்த குற்றமா?

ஆட்டம் தொடங்கியதும் ஒரு வழக்கு எழுந்தது. எல்லோருடைய தட்டும் நேராகப் போய், கடைசியில் இடப்பக்கம் வளைந்து விழுந்தது. என் தங்கை மகளின் தட்டு மட்டும் வலப்பக்கம் வளைந்தது. அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். "உனக்கு மணிக்கட்டு சாய்கிறது. வலக்கையால் வீசிப் பழகு" என்று நான் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் வலக்கையால் வீசினாள். தட்டு மூன்று கஜம்கூடப் போகவில்லை. நான்காம் நாள் கேட்டாள்: "மாமா, என் மணிக்கட்டு சாய்வதால் தட்டு வலப்பக்கம் போகிறது என்றால், அவர்கள் அத்தனை பேருக்கும் மணிக்கட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறதா?"

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் அதற்கு உடனடி விடை இல்லை. வீட்டுக்குப் போய்க் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன்.

தட்டைத் தாங்குவது எது?

தட்டு சுழல்வதால்தான் மிதக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தட்டைத் தோள் உயரத்தில் பிடித்து, நின்ற இடத்திலேயே சுழற்றி விட்டுப் பாருங்கள். எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் காலடியில்தான் விழும். தட்டைத் தாங்குவது சுழற்சி அன்று. முன்னோக்கிச் செல்லும் வேகமே.

தட்டின் முன்விளிம்பு சற்றே நிமிர்ந்திருக்கும்போது, அது எதிர்வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று தட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. தட்டின் மேற்புறத்தில் அழுத்தம் குறைவாகவும், கீழ்ப்புறத்தில் அதிகமாகவும் இருக்கும். இதுவே தூக்குவிசை.

இதற்குப் பெரிய அழுத்தம் தேவையா? கணக்கிட்டுப் பார்ப்போம். அல்டிமேட் தட்டின் நிறை 175 கிராம். எடை சுமார் 1.7 நியூட்டன். விட்டம் 27 செ.மீ.; ஆகவே பரப்பு சுமார் 0.057 சதுர மீட்டர். எடையைப் பரப்பால் வகுத்தால் 30 பாஸ்கல். ஒரு டம்ளரில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றிய தண்ணீர் அடியில் தரும் அழுத்தம் இவ்வளவுதான்! வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 1,01,000 பாஸ்கல். மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சிறு வேறுபாடே தட்டைத் தாங்கிச் செல்கிறது. நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில், முன்விளிம்பு நான்கைந்து பாகை நிமிர்ந்து செல்லும் தட்டுக்கு இது கிடைத்துவிடும்.

அப்படியானால் சுழற்சி எதற்கு?

சுழற்றாமல் வீசிய தட்டு உடனே குட்டிக்கரணம் அடிக்கும். காரணம், தூக்குவிசை தட்டின் நடுமையத்தில் செயல்படுவதில்லை. தட்டு வேகம் குறைந்து இறங்கத் தொடங்கும்போது, காற்று அதைக் கீழிருந்து அதிகக் கோணத்தில் தாக்குகிறது. அப்போது தூக்குவிசையின் மையம் முன்பக்கம் நகர்ந்து, முன்விளிம்பை மேலே தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது.

இப்போது பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலாத பம்பரம் சாய்ந்தால் விழுந்துவிடும். சுழலும் பம்பரம் சாய்ந்தால் விழுவதில்லை. அதன் அச்சு பக்கவாட்டில் மெல்ல வட்டமிடுகிறது. சுழலும் பொருளைக் கவிழ்க்க முயன்றால், முயலும் திசைக்குச் செங்குத்தான திசையில் அது சாய்கிறது. கோண உந்தத்தின் இயல்பு இது.

தட்டும் ஒரு பம்பரமே. காற்று அதை முன்பின்னாகக் கவிழ்க்க முயல்கிறது. தட்டோ பக்கவாட்டில் சாய்கிறது. எந்தப் பக்கம் என்பதைச் சுழலும் திசை முடிவு செய்கிறது. வலக்கையை மார்புக்குக் குறுக்கே மடித்து வீசினால், மேலிருந்து பார்க்கத் தட்டு கடிகாரமுள் திசையில் சுழலும்; இறங்கும்போது இடப்பக்கம் சாயும். இடக்கையால் அதே முறையில் வீசினால் எதிர்த்திசையில் சுழலும், வலப்பக்கம் சாயும். தட்டு சாய்ந்ததும் தூக்குவிசையும் அதே பக்கம் சாய்ந்து, தட்டை அந்தத் திசையில் இழுத்துச் செல்கிறது.

என் தங்கை மகளின் மணிக்கட்டில் தவறு எதுவும் இல்லை. அவள் தட்டு இயற்பியல் விதிக்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்தது. பிசகியது என் பாடம்தான்.

கடற்காற்றின் பங்கு

மறுநாள் மாலை அவளிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் இனி இடக்கையால்தான் வீசுவேன்" என்றாள். கிழக்கிலிருந்து கடற்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கடலை நோக்கி வீசிய தட்டு ஜிவ்வென்று மேலே ஏறியது. ஊரை நோக்கி வீசியது சீக்கிரமே தரை தட்டியது.

தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே கணக்கில் வருவது தரையைப் பொறுத்த வேகமன்று. காற்றைப் பொறுத்த வேகம். நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வீசுகிறீர்கள். காற்று நொடிக்கு 4 மீட்டர். எதிர்காற்றில் தட்டின் காற்றுவேகம் 18, பின்காற்றில் 10. ஒரே கை, ஒரே கோணம், ஒரே வீச்சு. ஆயினும் தூக்குவிசையில் மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு!

கூடையில் செயின் ஏன்?

நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வரும் தட்டின் இயக்க ஆற்றல் சுமார் 17 ஜூல். வெறும் கம்பத்தில் மோதினால் தெறித்துவிடும். செயினில் மோதும்போது, அந்த ஆற்றல் பல கண்ணிகளை அசைப்பதிலும் அவற்றின் உராய்விலும் செலவாகிறது. தட்டு வேகமிழந்து கூடையில் விழுகிறது. செயின் தொங்கும் கூடைக்கு ஹெட்ரிக் 1977இல் காப்புரிமை பெற்றார்.

படகின் வலப்பக்கம் மறைந்திருந்த ஐந்தாம் கூடை நினைவிருக்கிறதா? இடப்பக்கம் வளையும் தட்டுகளை வைத்துக்கொண்டு மற்றவர்கள் மூன்று, நான்கு வீச்சுகள் எடுத்தார்கள். என் தங்கை மகளின் தட்டு படகைத் தாண்டும்வரை நேராகச் சென்று, வேகம் குறைந்ததும் வலப்பக்கம் வளைந்து, செயினில் 'சலார்' என்று மோதிக் கூடைக்குள் விழுந்தது. ஒரே வீச்சு!

செய்து பாருங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் பிளாஸ்டிக் தட்டை மட்டுமே பயன்படுத்துங்கள். எவர்சில்வர் தட்டு காயப்படுத்தும். வலக்கையாலும் இடக்கையாலும் பத்துப் பத்து முறை வீசி, தட்டு எந்தப் பக்கம் வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கையை மார்புக்குக் குறுக்கே மடிக்காமல், உடலின் வெளிப்பக்கத்திலிருந்து மணிக்கட்டைச் சுண்டி வீசுங்கள். இப்போது வலக்கைத் தட்டு எந்தப் பக்கம் வளையும்? வீசுவதற்கு முன்பே விடையைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் வீசிப் பாருங்கள்.