சிறுநீர்பெருக்கி மருந்துகளும் செவிப்புலனும்

கால்கள் வீங்கி, சுவாசப்பையில் நீர் கோத்து, மூச்சுவிட இயலாது தவிக்கும் இருதய நோயாளனுக்கு வைத்தியர் விரைந்து அளிப்பது சிறுநீர்பெருக்கி மருந்தாகும். அது நாளத்தினூடாகச் செலுத்தப்பட்ட சிறிது நேரத்தில் சிறுநீர் பெருகும், மூச்சுத்திணறல் தணியும். இவ்வாறு உயிர் காக்கும் மருந்துகளுட் சில செவியின் ஆற்றலைக் கெடுக்கவும் வல்லன. சிறுநீரகத்துக்கென அளித்த மருந்து செவியைத் தாக்குவது யாங்ஙனம்? அவ்விரு உறுப்புக்களின் தொழிலிலும் காணப்படும் ஒற்றுமையே இதற்குக் காரணமாம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்குழாய்கள் உள. அக்குழாய்களில் ஹென்லேயின் தடம் என்னும் வளைந்த பகுதியின் ஏறுபுயத்திலே, சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு ஆகியவற்றை ஒருசேர உள்வாங்கும் புரதமொன்று அமைந்துள்ளது. புரூசமைட்டு, பியூமெற்றனைட்டு, எதக்கிரினிக் அமிலம் என்பன அதன் தொழிலைத் தடுக்கின்றன. உப்பு உடலுக்கு மீளாதவிடத்து நீரும் மீளாது, சிறுநீராக வெளியேறும்.

இப்புரதத்தின் இனத்தைச் சேர்ந்த பிறிதொன்று உட்செவியின் நத்தைச்சுருளிலும் உண்டு. அச்சுருளின் நடுக்குழாயை நிரப்பும் அகநிணநீர் பொற்றாசியம் மிக்கது. ஏறத்தாழ 80 மில்லிவோற்று நேர்மின்னழுத்தம் உடையது. இவ்வழுத்தத்தை அளந்து 1952 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெக்கேசி என்பார், நத்தைச்சுருள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1961 இல் நோபெல் பரிசு பெற்றார். குழாயின் பக்கச்சுவரிலுள்ள, குருதிக்கலன்கள் செறிந்த பட்டியொன்றே இம்மின்னழுத்தத்தைப் பேணுவது. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்க்கலங்கள் இதன் வலியினாலேயே தொழிற்படுகின்றன. மேற்கூறிய மருந்துகள் அப்பட்டியைத் தாக்குங்கால் அது வீங்குகின்றது, மின்னழுத்தம் வீழ்கின்றது, செவி மந்தமாகின்றது. எண்ணெய் குறைந்த விளக்கின் சுடர் மங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

எதக்கிரினிக் அமிலத்தால் விளைந்த செவிட்டுத்தன்மை 1965 இலும், புரூசமைட்டால் விளைந்தது 1970 இலும் மருத்துவ ஏடுகளில் அறிவிக்கப்பட்டன. காதில் இரைச்சல், இரு செவிகளிலும் மந்தம், சிலவேளை தலைச்சுற்று என்பன இதன் குறிகள். பெரும்பாலும் மருந்தின் வேகம் அடங்கியதும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, கேள்வி மீள்கின்றது. மருந்தின் அளவு மிகும்போதும், அது விரைந்து செலுத்தப்படும்போதும், சிறுநீரகம் பழுதுற்று மருந்து குருதியில் நெடுநேரம் தங்கும்போதும் இடர் பெருகும். ஆதலின், புரூசமைட்டைப் பேரளவில் நாளத்தினூடாகச் செலுத்துங்கால் நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி.

ஸ்ரெப்ரோமைசின், கனமைசின், ஜென்ரமைசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளுடன் இவை சேரும்போதே பேரிடர் நேர்கின்றது. அவை தாமே மயிர்க்கலங்களை அழிக்கவல்லன. சிறுநீர்பெருக்கியோ குருதிக்கும் அகநிணநீருக்கும் இடையிலுள்ள தடையைத் தளர்த்தி, அவை உட்புக வழிசெய்கின்றது. பிறக்கும்போது ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழப் பதினையாயிரம் மயிர்க்கலங்களே உள. மனிதரில் இவை இறந்தால் மீள முளைப்பதில்லை. எண்ணெயை மீண்டும் வார்க்கலாம். எரிந்து தீர்ந்த திரியை என் செய்வது? இரு மருந்துகளும் ஒருங்கே வேண்டப்படும் நோயாளரிடத்து, சிறப்பாகக் குறைமாதக் குழந்தைகளிடத்து, அளவிலே கருத்தூன்றுதலும் செவிப்புலனைச் சோதித்தலும் இன்றியமையாதன.

இவற்றைக் கேட்டு அஞ்சி, வைத்தியர் விதித்த மருந்தைத் தாமே நிறுத்துதல் பேதைமையாகும். வழக்கமான அளவில் உட்கொள்ளும் வில்லைகளால் இத்தீங்கு நேர்வது அரிது. நிறுத்துவதால் நீர் மீண்டும் கோத்து உயிருக்கே இடராகலாம். காதில் இரைச்சலோ மந்தமோ தோன்றிய அன்றே வைத்தியருக்கு உரைத்தலும், தாம் உட்கொள்ளும் பிற மருந்துகளையும் மறையாது கூறுதலுமே நோயாளர் கடன். அளவும் வேகமும் சேர்க்கையும் அறிந்து வழங்குமிடத்து, உயிரும் செவியும் ஒருங்கே காக்கப்படும்.