ஏற்றுமுன் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்

"தண்ணி கூலிங் போட்டாச்சு அண்ணா. இனிமே வேகத்தை எவ்வளவு வேணாலும் ஏத்தலாம்ல?"

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் எங்கள் தெருப் பையன் கேட்டான். எஸ்.பி. ரோட்டில் அலைந்து சாமான் சேர்த்து, ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தானே வாட்டர் பிளாக் மாட்டியிருக்கிறான். ஆசையாகச் செய்த வேலை, கெட்டுவிடக் கூடாது. நிதானமாகவே சொன்னேன்.

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, சுமந்துகொண்டு போகிறது. இந்தக் கார்டு முழு வேலையில் 350 வாட் இழுக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், பிளாக்கைத் தாண்டும்போது தண்ணீரின் சூடு 5 டிகிரி கூடும். அந்த 5 டிகிரியை ஒவ்வொரு சுற்றிலும் ரேடியேட்டர் அறைக் காற்றில் இறக்கியாக வேண்டும். காற்றைவிடக் குளிர்ச்சியாகத் தண்ணீரை ஆக்க அதனால் ஒருநாளும் முடியாது.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். டிசம்பர் ராத்திரியில் ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு வேகத்தைப் பிடித்துவிட்டு, 'நிக்குது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். 2016 ஏப்ரல் 24 அன்று இதே பெங்களூரில் 39.2 டிகிரி வெயில். அறை சூடானால் தண்ணீர் சூடாகும், சிப்பும் சேர்ந்தே ஏறும். குளிரில் நின்ற வேகம் கோடையில் கேமை நடுவிலேயே சாய்த்துவிடும்.

முதல் வேலை, கசிவு பார்ப்பது. மதர்போர்டுக்கும் கார்டுக்கும் கரண்ட் போகாமல், பம்ப் மட்டும் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒவ்வொரு ஃபிட்டிங் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வை. காலையில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் கழற்றி மாட்டு. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படியும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதே. ஒரே தண்ணீரில் இரண்டும் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

அப்புறம் எதையும் ஏற்றாமல் ஒரு பெஞ்ச்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டி, சூட்டையும் ஸ்கோரையும் நோட்டில் எழுது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோரை 15 மெகாஹெர்ட்ஸ், 15 மெகாஹெர்ட்ஸாக ஏற்று. எங்கே விழுகிறதோ அங்கிருந்து இரண்டு படி இறங்கி நில். வோல்ட்டேஜைத் தொடாதே. மின்செலவு வேகத்தோடும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் 5 சதவீதம், வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூட்டினால் செலவு சுமார் 16 சதவீதம் எகிறும். கண்ணுக்கே தெரியாத லாபத்துக்கு அத்தனை சூடு எதற்கு?

மெமரி இன்னும் நுணுக்கமான விஷயம். அளவு மீறினால் அது உடனே விழாது. வழியில் கெட்டுப்போன தகவலைத் திரும்ப அனுப்பித் திருத்திக்கொள்ளும். எண் ஏறிக்கொண்டே இருக்கும், ஸ்கோர் சத்தமில்லாமல் இறங்கும். ஆகவே மெகாஹெர்ட்ஸை நம்பாதே, ஸ்கோரை நம்பு.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினான். கோர் 52 டிகிரி. முகமெல்லாம் பெருமை. நான் அந்தப் படத்தைக் கீழே தள்ளினேன். மெமரி ஜங்ஷன் சூடு, 104.

3090-இல் 24 மெமரி சிப்புகள். அதில் 12 கார்டின் முதுகில் இருக்கின்றன. அவன் மாட்டிய பிளாக் முன்பக்கத்தை மட்டுமே தொடுகிறது. பின்னால் வெறும் தகடுதான், அதில் தண்ணீர் ஓடவில்லை. 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"அப்போ ஏத்தவே கூடாதா அண்ணா?"

"கோரை ஏத்து. மெமரியை இப்போ விட்டுடு. பின்தகட்டைக் கழற்றி, தெர்மல் பேட் சிப்பை அழுத்தியிருக்கான்னு பாரு. தொட்டிருந்தா அதுல சதுரமா தடம் விழுந்திருக்கும். தடமே இல்லைன்னா பேட் மெலிசு. தகட்டு மேல ஒரு ஃபேனையும் திருப்பி வை. மெமரி சூடு 90-க்குக் கீழ வந்தப்புறம் மெமரியைப் பத்திப் பேசலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஏறுற மாதிரி மட்டும் வைக்காதே, ஏப்ரல் போகட்டும்."

டீ ஆறியிருந்தது. அவன் அந்த 104-ஐப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.